கம்பெனி சாமானா, வெளிச் சாமானா? ஓர் இன்ஜின் வேலையின் கணக்கு

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1985-இல் யமஹா இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, ஷோரூமை விட்டுப் போய் இத்தனை ஆண்டாகியும் தமிழ்நாட்டுச் சாலைகளை விட்டுப் போகவில்லை. இன்று ஓடிக்கொண்டிருப்பவற்றில் ஒரு தடவைகூட இன்ஜின் இறக்காத வண்டியைப் பார்ப்பது அரிது. இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போட்டதும், ஓனருக்கும் மெக்கானிக்குக்கும் நடுவே எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கம்பெனி சாமானே போட்டுவிடலாமா, வெளிச் சாமான் போதுமா?

இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. “ஒரிஜினல் இல்லாவிட்டால் வண்டியைத் தொடவே கூடாது” என்பது ஒன்று. “எல்லாம் ஒரே ஃபேக்டரியில்தான் வருகிறது, பெட்டிக்கு எதற்குக் காசு?” என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டுமே ஆபத்தானவை. காரணம், இரண்டு தரப்பும் பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. இன்ஜினுக்குள் போவது உலோகமும் ரப்பரும், அவற்றின் அளவும். எனவே ஒட்டுமொத்தமாக ஒரு கட்சியில் சேராமல், ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும் என்பதே என் வாதம். அப்படி முடிவெடுக்க இரண்டு கேள்விகள் போதும். இந்தச் சாமான் கெட்டால் கூடவே எதையெல்லாம் கெடுக்கும்? போடுவதற்கு முன்னால் இதைச் சோதித்துப் பார்க்க நம் கையில் வழி இருக்கிறதா?

உள்ளே நடப்பது என்ன

ஆர்எக்ஸ் 100-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதுவும் 50 மி.மீ. உச்ச சக்தியான 11 குதிரைத் திறனை அது 7,500 ஆர்பிஎம்மில் தருகிறது. அந்த வேகத்தில் கிராங்க் நொடிக்கு 125 தடவை சுற்றுகிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிப்பு நடக்கிறது. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு பன்னிரண்டரை மீட்டர். மேலேயும் கீழேயும் நின்று நின்று திரும்பியபடியேதான் அந்த வேகத்தை அது எட்டுகிறது.

இந்த ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டு பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, அதாவது பட்டறையில் கிளியரன்ஸ் என்று சொல்வது, இந்த அளவுள்ள டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ஏறத்தாழ 0.04 மி.மீ. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அது இன்னும் குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடிப்போனால் தட்டும், புகையும், ரிங் தேயும். சாமான் எந்தப் பெட்டியில் வந்தாலும் கடைசியில் இந்த இடைவெளிக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி சாமானின் உண்மையான பலம்

கம்பெனி சாமானின் பலம் அதன் முத்திரையில் இல்லை. அந்த இன்ஜினுக்காகவே உலோகத்தையும் அளவையும் கடினத்தன்மையையும் யாரோ ஒருவர் எழுதிவைத்து, அந்த எழுத்துப்படி ஒவ்வொரு லாட்டையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

பிஸ்டனையே எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் வெறும் அலுமினியம் அல்ல. சிலிக்கான் கலந்த அலுமினியம். சிலிக்கான் சேரச்சேரச் சூட்டில் விரிவது குறையும். சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உள்ள கலவை, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு விரிகிறது. சிலிக்கான் குறைவான சாதாரண அலுமினியம் 23 பங்கு விரியும். இந்த மூன்று பங்கு வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை. 50 மி.மீ. பிஸ்டனில், 150 டிகிரி சூடு ஏறும்போது அது 0.02 மி.மீ.க்கு மேல் கூடுதல் விரிவாக வந்து நிற்கிறது. மொத்த இடைவெளியே 0.04 என்னும்போது, பாதிக்கு மேல் உலோகக் கலவையே தின்றுவிடுகிறது. பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் இரண்டு பிஸ்டனும் ஒரே அளவு காட்டும். வித்தியாசம் தெரிவது பைபாஸ் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டும்போதுதான். வண்டி “சீஸ்” ஆகி நின்றதும் எல்லோரும் ஆயிலைக் குறை சொல்வார்கள்.

கனெக்டிங் ராடு கிட் இன்னொரு உதாரணம். ராடு, கிராங்க் பின், ஊசி பேரிங், பக்கவாட்டு வாஷர்கள் என்று நாலைந்து உருப்படிகள்தான். ஆனால் அந்தப் பின்னின் மேல்தோல் கடினமாகவும் உள்ளே தாங்கும் தன்மையுடனும் இருக்க வேண்டும். மேல்தோல் எவ்வளவு ஆழத்துக்குக் கடினப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. கடினத்தோல் மெல்லியதாக இருந்தால் சில மாதங்களிலேயே பின்னில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழும். அங்கிருந்து உதிரும் இரும்புப் பொடி பேரிங்குகளுக்குள் போகும், பிஸ்டன் பக்கம் ஏறும். ஒரு கிட்டில் மிச்சப்படுத்திய காசு, மொத்த இன்ஜினையும் மறுபடி இறக்கவைக்கும்.

சோதிக்க முடியாத குணங்களைக் கொண்ட சாமானை வாங்கும்போது நாம் செய்யாத சோதனையை வேறொருவர் செய்திருக்கிறார் என்ற நம்பிக்கைக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். கம்பெனி சாமானுக்கு ஆதரவான வாதங்களிலேயே மிக வலுவானது இதுதான்.

செய்வது யார்?

அடுத்த கேள்வி: அந்த வேறொருவர் யார்? பைக் நிறுவனங்கள் தங்கள் இன்ஜினில் உள்ள எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங், ஆயில் சீல், கார்புரேட்டர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிற்சாலைகள் உண்டு. இந்தத் தொழிலில் சென்னைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கப்பட்டது. ரானே குழுமம் இன்ஜின் வால்வுகள் செய்கிறது. மிக்குனி தொழில்நுட்பத்தில் கார்புரேட்டர் செய்துவந்த யூகால் நிறுவனமும் இந்தப் பக்கத்ததுதான். வடக்கே ஸ்ரீராம் பிஸ்டன்ஸ் ‘உஷா’ என்ற பெயரில் பிஸ்டனும் ரிங்கும் விற்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் வண்டிக் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கின்றன; தங்கள் சொந்தப் பெட்டியில் கடைகளுக்கும் அனுப்புகின்றன.

எனவே சந்தையில் இருப்பது இரண்டு வகைச் சாமான் அல்ல, நான்கு வகை. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது முதல் வகை. கம்பெனிக்குச் சப்ளை செய்பவர் தன் பெயரிலேயே விற்பது இரண்டாவது. கம்பெனியோடு தொடர்பில்லாமல், அளவை எடுத்துத் தானே செய்து தன் பெயரில் விற்பவருடையது மூன்றாவது. இவற்றில் ஏதாவது ஒன்றின் பெயரைத் திருடி ஒட்டிய டூப்ளிகேட் நான்காவது. ‘வெளிச் சாமான்’ என்று பொதுவாகச் சொல்லும்போது கடைசி மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான். இரண்டாவது வகை பல நேரங்களில் முதல் வகைக்குச் சமம். நான்காவது வகையோ நேரடியான மோசடி. போலி வணிகக் குறி ஒட்டி விற்பதற்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

இரண்டாவது வகை கடைக்கு வருவது சில நேரங்களில் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. சப்ளையர்கள் அதே உதிரிபாகத்தை வெளிச் சந்தையில் நேரடியாக விற்பதற்குக் கட்டுப்பாடு போட்டதும், தனிப் பட்டறைகளுக்கு உதிரிபாகமும் பழுதறியும் கருவிகளும் கிடைக்கவிடாமல் செய்ததும் அந்த உத்தரவின் மையம். வழக்கு கார்களைப் பற்றியது; மேல்முறையீட்டுக்கும் போனது. ஆனால் கம்பெனி சாமானின் விலையில் தரத்துக்கான பங்கு எவ்வளவு, போட்டி இல்லாததால் ஏறிய பங்கு எவ்வளவு என்ற கேள்வியை அது சட்டத்தின் மொழியில் எழுப்பியது. பைக் ஓட்டுபவனுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

அதே நேரத்தில், ‘எல்லாம் ஒரே ஃபேக்டரி’ என்ற வாதத்தை அப்படியே விழுங்கவும் முடியாது. ஒரே தறிக்காரர் ஒரு கடைக்கு ஒரு தர நூலிலும் இன்னொரு கடைக்கு வேறு தர நூலிலும் சேலை நெய்து கொடுக்க முடியும். ஒரே தொழிற்சாலை என்பதால் ஒரே விதிமுறை என்று ஆகிவிடாது. தன் பெயரைப் பெட்டியில் போட்டு, லாட் எண்ணும் அச்சடித்து, கெட்டால் பதில் சொல்ல முகவரியும் வைத்திருப்பவரை நம்பலாம், அது வேறு. ‘கம்பெனிக்குப் போகிற அதே மால்தான்’ என்று கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்வதை நம்புவது வேறு.

கம்பெனி சாமானின் குறைகள்

முதல் குறை எளிமையானது: கிடைப்பதில்லை. உற்பத்தி நின்ற வண்டிக்கு ஆண்டு ஏற ஏறப் பட்டியல் சுருங்குகிறது. ஸ்டாண்டர்டு அளவில் பிஸ்டன் இருக்கும். தேய்ந்த போரைப் பெரிதாக்கிய பின் நமக்குத் தேவையான ஓவர்சைஸில் இருக்காது. கிட்டில் ஒரு வாஷர் மட்டும் கிடைக்காது. தட்டுப்பாடு வந்ததும் டூப்ளிகேட் வரும். கம்பெனிப் பெட்டி போட்ட சாமானுக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவுக்கு அந்தப் பெட்டியை அச்சடிக்கத் தூண்டுதலும் அதிகம். அரிய பழைய மாடலுக்குக் ‘கம்பெனி சீல் உடைக்காத’ சாமான் என்று சொல்லிப் பெரிய விலை கேட்கும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது குறை, காலம். உலோகம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்தால் முப்பது ஆண்டு தாங்கும். ரப்பர் தாங்காது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையே ஒரு பம்ப். பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கே வந்துதான் மேலே போகின்றன. அந்த அறையை இரண்டு பக்கமும் அடைத்துக் காப்பவை ஆயில் சீல்கள். மேக்னெட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும் அல்லது தலையில் ஓட்டை விழும். கியர் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை தள்ளும். ஐம்பது, நூறு ரூபாய்ச் சாமான் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் இடம் இது. இங்கே 1990-களில் பேக் செய்த அசல் சீலைவிட, நேற்று தயாரான நல்ல பிராண்டு வெளிச் சீல் மேலானது.

எத்தனால் வந்த பிறகு இந்த வாதம் இன்னும் வலுத்திருக்கிறது. 2023-இல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுவதும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஆர்எக்ஸ் 100 வடிவமைக்கப்பட்டபோது இப்படி ஒரு பெட்ரோலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கால ரப்பர் வகைகள் சில எத்தனாலில் உப்பிப்போகும் அல்லது இறுகி வெடிக்கும். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ஓ-ரிங், டேங்க் காக் வாஷர் ஆகியவற்றுக்கெல்லாம் எத்தனாலைத் தாங்கும் புதிய வகை ரப்பரில் செய்த வெளிச் சாமானே இன்றைய பெட்ரோலுக்குப் பொருத்தம். பழைய வரைபடத்துக்கு உண்மையாக இருப்பது இங்கே வண்டிக்குத் துரோகம்.

மூன்றாவது குறை ஆழமானது. அசல் சாமான், அசல் வடிவமைப்பின் பலவீனத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இதற்கு ஆர்எக்ஸ் 100-ஐ விட்டு, சென்னையிலேயே வளர்ந்த புல்லட்டுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் ஏற்பட்ட கூட்டின் வழியே இந்தியத் தயாரிப்பானது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அந்தக் காஸ்ட் அயர்ன் இன்ஜினில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே இரண்டிலும் ஒட்டாமல் மிதந்து சுற்றும் ஒரு புஷ் மட்டும் இருக்கும். அமைதியாக ஓடும், செலவு குறைவு. ஆனால் ஆயில் படலம் தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். தாழ்ந்த வேகத்தில் உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஓட்டினாலும், நெடுஞ்சாலையில் நெடுநேரம் முறுக்கினாலும், ஆயில் மாற்றத் தவறினாலும் அந்தப் புஷ் முதலில் சாகும்.

இதற்கு மாற்றாக உருளை பேரிங் வைத்த ராடை வெளிச் சந்தைதான் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டட்லியில் இருக்கும் ஆல்ஃபா பேரிங்ஸ் இந்த வேலைக்குப் பெயர்போனது. புல்லட் உதிரிபாகங்களுக்கென்றே இயங்கும் ஹிட்ச்காக்ஸ் போன்ற ஆங்கிலேயக் கடைகள் உலகம் முழுக்க இப்படிப்பட்ட மேம்பட்ட சாமான்களை அனுப்புகின்றன. பின்னாளில் ராயல் என்ஃபீல்டே தன் யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் (யூசிஇ) இன்ஜினில் உருளை பேரிங்குக்கு மாறியது. அதாவது, வெளிச் சாமான் செய்தவர் முன்னதாகக் கண்டுகொண்ட குறையைக் கம்பெனி பின்னால் ஒப்புக்கொண்டது.

ஆனாலும் இதை வெளிச் சாமானின் முழு வெற்றியாக எழுதிவிட முடியாது. ஊருக்குள் நாற்பது, ஐம்பதில் மட்டும் ஓட்டி, தவறாமல் ஆயில் மாற்றுபவருக்கு மிதக்கும் புஷ் பல்லாண்டு உழைக்கும். உருளை பேரிங் கெட்டால் இரும்புத் துணுக்குகளை இன்ஜின் முழுக்க இறைக்கும். புஷ் கெட்டால் தட்டும் சத்தத்தில் முன்கூட்டியே சொல்லிவிடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் விஷயமும் இப்படித்தான். வலுவானது என்று கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். அதன் உலோகம் அதிகம் விரியும். அதனால் கூடுதல் கிளியரன்ஸ் விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் தட்டும். பந்தயத்துக்கு அது வேண்டும். பால் வாங்கப் போகும் வண்டிக்கு வார்ப்பு பிஸ்டனே பொருத்தம். மேம்பாடு என்பது வண்டி செய்யும் வேலையைப் பார்த்து முடிவாக வேண்டியது.

வெளிச் சாமானின் குறைகள்

வெளிச் சாமானின் மிகப் பெரிய குறை மலிவு அல்ல. ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதுதான். ஒரு தடவை வாங்கிய பிராண்டு நன்றாக உழைத்தது என்பதால் அடுத்த லாட்டும் உழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. செய்த இடம் மாறியிருக்கலாம், உலோகம் மாறியிருக்கலாம், பெட்டி மட்டும் அப்படியே இருக்கும்.

நல்ல லேத் பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மெக்கானிக் பையன் பிளாக்கை மட்டும் கொண்டுவந்து, “அண்ணே, 0.50 போர் போட்டு வையுங்க, பிஸ்டன் சாயங்காலம் வாங்கிக்கிறேன்” என்பான். அனுபவமுள்ள லேத்காரர் மெஷினைத் தொட மாட்டார். “பிஸ்டனைக் கொண்டா தம்பி, அப்புறம் போர் போடலாம்” என்பார். பிஸ்டன் வந்ததும் தலையில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்க்காமல், கீழ்ப்பக்கச் சுவரில், பின் துளைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரை வைப்பார். ஒரே பிராண்டில், ஒரே 0.50 என்று குத்திய இரண்டு பிஸ்டன்களில் ஒன்று 50.46 காட்டி, மற்றது 50.43 காட்டினால், இரண்டுக்கும் ஒரே போர் போட முடியாது. முதலாவதற்கு 50.50 சரி. இரண்டாவதற்கு அதே போர் போட்டால் இடைவெளி 0.07 ஆகிவிடும், புது இன்ஜின் முதல் நாளே கிழட்டுச் சத்தம் போடும். பிஸ்டனுக்கு ஏற்பப் போர் போடுகிறவர் இந்தக் குறையைத் தன் உழைப்பால் சரிக்கட்டிவிடுகிறார். பெட்டியை நம்பிப் போர் போடுகிறவர் அதை அப்படியே இன்ஜினுக்குள் வைத்து மூடுகிறார்.

அளந்து சரிக்கட்ட முடியாத குறைகளும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரின் ஜன்னல்களான போர்ட்டுகளைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் விளிம்புதான். பின் துளையிலிருந்து தலைவரையான உயரம் அரை மி.மீ. மாறினாலும் போர்ட் திறக்கும் நேரம் மாறும், கம்ப்ரஷன் மாறும். வண்டி ஓடும், ஆனால் அந்தப் பழைய இழுவை இருக்காது. ரிங் சுற்றிவிடாமல் பிடிக்கும் குட்டி முளை தளர்ந்தால், ரிங்கின் முனை போர்ட் ஜன்னலில் மாட்டி உடையும். உடைந்த துண்டு போரைக் கீறிப் பிளாக்கையே வீணாக்கும். மலிவு கேஸ்கட் செட்டில் தடிமன் வேறுபட்டால் அதுவும் கம்ப்ரஷனைத்தான் தொடும்.

ஆனால் வெளிச் சாமானே போதும் என்று அடித்துச் சொல்லக்கூடிய இடமும் ஒன்று உண்டு: பேரிங். கிராங்கிலும் கியர்பாக்ஸிலும் இருக்கும் பால் பேரிங்குகளில் பெரும்பாலானவை உலகம் முழுக்கப் பொதுவான அளவில் வருபவை. 62 என்றோ 63 என்றோ தொடங்கும் எண் பக்கத்தில் பொறித்திருக்கும். அந்த எண்ணையும், உள் இடைவெளியைக் குறிக்கும் சி3 போன்ற குறியீட்டையும் பார்த்து எஸ்கேஎஃப், என்பிசி போன்ற பேரிங் நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினால் போதும். வண்டிக் கம்பெனிப் பெட்டி அந்தப் பேரிங்கின் தரத்தை ஒரு பங்குகூடக் கூட்டாது. எச்சரிக்கை ஒன்றே: சி3 போட வேண்டிய கிராங்கில் குறியீடு இல்லாத சாதாரணப் பேரிங்கைப் போட்டால் சூட்டில் இறுகிவிடும். எண் பாதியும் குறியீடு பாதியும் சேர்ந்ததுதான் பேரிங்கின் முழுப் பெயர்.

மூன்றாவது வழி

கம்பெனி, வெளி என்ற விவாதத்தில் பலரும் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு: பழைய அசல். சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் சாமான்கள் கிடைக்கும் தெருக்களை எல்லோருக்கும் தெரியும். கியர் பல்சக்கரம், கிராங்க் வெப், இன்ஜின் கேஸ், கிளட்ச் கூடை போன்றவற்றில், பல் நுனி உருண்டுபோகாத, விரிசல் இல்லாத ஒரு பழைய அசல் சாமான், பெயர் தெரியாத புதிய சாமானைவிட நம்பகமானது. அது ஏற்கெனவே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தன் உலோகத்தை நிரூபித்துவிட்டது. தேய்மானத்தைக் கண்ணாலும் கருவியாலும் பார்க்க முடியும். உலோகக் கலப்படத்தைப் பார்க்க முடியாது. தெரிந்த தேய்மானம், தெரியாத தரத்தைவிட மேல். ஆனால் இந்த வழியை ரிங், சீல், பேரிங், கனெக்டிங் ராடு கிட் ஆகியவற்றுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை பிறந்ததே தேய்வதற்காக. இன்ஜின் கேஸாக இருந்தால், அதில் குத்தியுள்ள எண்ணும் ஆர்சி புத்தகமும் பற்றிய சட்டச் சிக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டறை வழக்கத்தின் குறை

சாமானைப் பற்றிய விவாதம், சாமானைவிடப் பெரிய ஒரு குறையை மறைத்துவிடுகிறது. பெரும்பாலான இன்ஜின் வேலைகளில் எதையும் அளப்பதில்லை. பிஸ்டனைப் போருக்குள் விட்டு விரலால் ஆட்டிப் பார்ப்பதே அளவு. ரிங்கைப் போருக்குள் வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதுவும் நடப்பதில்லை. புது ராடு போட்டுப் பிரஸ் செய்த கிராங்கை இரண்டு முனையிலும் தாங்கி டயல் கேஜ் வைத்துச் சென்டர் பார்க்காமல், சுத்தியலால் தட்டி ‘கண் பார்வையில்’ சரிசெய்து மாட்டுவதும் உண்டு. அப்படி மாட்டிய கிராங்கில் ஜப்பானிலிருந்து நேராக வந்த ராடு கிட் இருந்தாலும் பேரிங் சாகும், வண்டி அதிரும். பழி ராடின் மேல் விழும்.

செலவுக் கணக்கும் ஓனரிடம் முழுதாகச் சொல்லப்படுவதில்லை. கடைக்காரர் தரும் கமிஷன் எந்தப் பெட்டியில் அதிகமோ அந்தப் பெட்டியே ‘நல்ல சாமான்’ ஆகிவிடும் இடங்கள் உண்டு. நேர்மையான மெக்கானிக்குகளும் இந்த வழக்கத்தால் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். பழைய சாமானை ஓனரிடம் திருப்பிக் கொடுப்பதும், புதுச் சாமானின் பெட்டியையும் பில்லையும் சேர்த்துக் கொடுப்பதும் மெக்கானிக்கின் மரியாதையைக் கூட்டும் வழக்கங்கள். ஓனரும் தன் பங்குக்குக் கூலியில் பேரம் பேசுவதை நிறுத்த வேண்டும். அளப்பதற்கு நேரம் ஆகும். நேரத்துக்குக் கூலி உண்டு. சாமானில் அள்ளிக் கொடுத்துவிட்டு அளவெடுக்கும் கூலியில் கிள்ளிக் கொடுப்பது தலைகீழ்க் கணக்கு.

எந்த இடத்தில் எது

இத்தனையையும் தொகுத்தால் தெளிவான வரிசை ஒன்று கிடைக்கிறது. கெட்டால் மற்றவற்றையும் அழிக்கக்கூடியவை, அதே நேரத்தில் பட்டறையில் சோதிக்க முடியாதவை: பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு கிட். இவற்றுக்குக் கம்பெனி சாமான், அல்லது கம்பெனிக்குச் சப்ளை செய்யும் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் உள்ள சாமான் மட்டுமே. கெட்டால் அழிக்கக்கூடியவை, ஆனால் எண்ணாலும் தேதியாலும் சரிபார்க்கக்கூடியவை: பேரிங், ஆயில் சீல். இவற்றுக்குத் தரமான பேரிங், சீல் நிறுவனங்களின் புதுச் சரக்கு. பழைய கையிருப்பு வேண்டாம். பெட்ரோல் தொடும் ரப்பர் எல்லாவற்றுக்கும் எத்தனால் தாங்கும் புதுச் சாமான். கியர், கேஸ், வெப் போன்றவற்றுக்கு நன்றாகப் பார்த்தெடுத்த பழைய அசல். கிளட்ச் கேபிள், கிக்கர் ரப்பர், ஏர் ஃபில்டர் போன்று கெட்டாலும் வெளியே நின்றே மாற்றிவிடக்கூடியவற்றில் காசை மிச்சம் பிடிக்கலாம். மிச்சம் பிடித்ததை மேலே சொன்ன முதல் வரிசையில் போட வேண்டும்.

இந்த வரிசை ஒரு தனி மனிதனின் பைக்கைக் காப்பாற்றும். ஆனால் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இந்த முயற்சி ஒரு தளத்தோடு நிற்காமல், உற்பத்தி நின்ற வண்டிகளுக்கும் இன்ஜின் உள் சாமான்கள் இத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்ற உறுதியாகவும், அந்தச் சாமான்களின் அளவுகளையும் கிளியரன்ஸ் எண்களையும் எல்லாப் பட்டறைகளுக்கும் திறந்து தரும் கடமையாகவும் வளர வேண்டும். அளவு ரகசியமாக இருக்கும்வரை வெளிச் சாமான் செய்பவர் ஊகித்துத்தான் செய்வார்; ஊகத்தின் விலையை ஓட்டுபவன் கொடுப்பான்.

பழைய இன்ஜினை உயிரோடு வைத்திருப்பது ஒரு கூட்டு உழைப்பு: செய்தவர், விற்றவர், போர் போட்டவர், மாட்டியவர், ஓட்டுபவர். இவர்களில் யாரும் பெட்டியின் பெயரைக் காட்டித் தன் பொறுப்பிலிருந்து விலக முடியாது. இன்ஜின் இறக்கும் நாளில் ஓனர் கேட்க வேண்டியது “ஒரிஜினலா?” என்று மட்டுமல்ல, “அளந்தீங்களா, எவ்வளவு வந்துச்சு?” என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லும் பட்டறைதான் நல்ல பட்டறை. அதைக் கேட்கும் ஓனர்கள் பெருகினால், பட்டறைகளும் கடைகளும் தயாரிப்பாளர்களும் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.